பாலர் பருவத்துக்கான எண், எழுத்துப் பலகை விளையாட்டுகள்: வீட்டிலேயே செய்து ஆடுவதற்கான முழுமையான வழிகாட்டி

என் அண்ணன் மகளுக்கு நான்கு வயது நிரம்பியிருந்த சமயம், பாம்பும் ஏணியும் பலகையை விரித்து வைத்து அவளோடு ஆடிக்கொண்டிருந்தேன். அவளுடைய சிவப்புக் காய் 5 என்ற கட்டத்தில் இருந்தது. பகடையில் மூன்று விழுந்தது. ஆள்காட்டி விரலால் காயைத் தள்ளிக்கொண்டே, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கட்டத்துக்கு ஒரு சொல்லாகப் பிசகாமல் எண்ணி, 8 என்ற கட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். "இப்போ எந்த நம்பர்ல நிக்கிறே?" என்று கேட்டேன். "மூணுல, அத்தை" என்றாள். காய்க்குப் பக்கத்திலேயே 8 என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. அவள் கண் அதன் பக்கம் போகவே இல்லை.

விளையாட்டின் விதிப்படி அவள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. காய் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குத்தான் போயிருந்தது. ஆனால் அரை மணி நேரம் ஆடியும், பலகையில் எழுதியிருந்த நூறு எண்களில் ஒன்றுகூட அவளிடம் வந்து சேரவில்லை. நல்ல பலகையாக வாங்கிக் கொடுத்துவிட்டால் குழந்தை தானாகக் கற்றுக்கொள்ளும் என்று நாம் நினைக்கிறோம். காயை நகர்த்தும்போது குழந்தையின் வாய் எந்தச் சொல்லைச் சொல்கிறது, கண் எங்கே பதிகிறது என்பதைப் பொறுத்தே பலகை பயன்படுகிறது என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த பாலர் பள்ளிக் குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றை 2008-இல் வெளியிட்டார்கள். 1 முதல் 10 வரையிலான எண்களை ஒரே நேர்வரிசையில் எழுதிய எளிய பலகை, 1, 2 என்ற இரண்டு எண்கள் மட்டும் உள்ள சுழல்முள், ஆளுக்கு ஒரு காய்: கருவிகள் இவ்வளவுதான். இரண்டு வாரத்துக்குள் 15 நிமிட அளவில் நான்கு முறை ஆடிய குழந்தைகள் எண்ணுவதிலும், எழுதிய எண்ணை அடையாளம் காண்பதிலும், இரண்டு எண்களில் பெரியது எது என்று சொல்வதிலும், எண்கோட்டில் ஓர் எண்ணின் இடத்தைக் குறிப்பதிலும் முன்னேறியிருந்தார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக வண்ணங்கள் மட்டும் இருந்த பலகையில் ஆடிய குழந்தைகளிடம் இந்த மாற்றம் காணப்படவில்லை. அந்தப் பலகையை நம் வீட்டில் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம்.

முதல் படி: குழந்தை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பலகையைத் தொடுவதற்கு முன்னால், அடுக்களையிலிருந்து ஐந்து ஸ்பூன்களை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்துக் குழந்தையை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்பூனையும் ஒரே ஒரு முறை தொட்டு, தொடும்போது ஒரே ஓர் எண்ணைச் சொல்கிறதா என்பது முதலில் கவனிக்க வேண்டியது. எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "அஞ்சு" என்று உடனே பதில் வந்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது குழந்தைக்குப் பிடிபட்டுவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பது அதற்கு இன்னும் ஒரு பாட்டாகவே இருக்கிறது என்று பொருள். ராஷெல் கெல்மன், சி. ஆர். கேலிஸ்டல் ஆகியோர் 1978-இல் வகுத்துச் சொன்ன எண்ணுதலின் ஐந்து நெறிகளில் இவை இரண்டும் அடக்கம். இந்த வயதுக்கு இவ்விரண்டும்தான் அடித்தளம் என்பது என் கருத்து.

பாட்டாகச் சொல்லும் நிலையில் உள்ள குழந்தையைப் பத்துக் கட்டப் பலகைக்கு அவசரமாகக் கொண்டுவர வேண்டாம். இன்னும் சில வாரங்கள் வீட்டுக்குள்ளேயே எண்ணிப் பழகட்டும். சாப்பிட உட்காரும்போது ஆளுக்கு ஒரு தட்டு வைப்பதும், மாடிப்படி ஏறும்போது படிக்கு ஓர் எண் சொல்வதும் இதற்குப் போதுமான பயிற்சி. எழுத்தைப் பொறுத்தவரை, "ஆடு, ஆமை, எலி, இந்த மூன்றில் எந்த இரண்டு ஒரே மாதிரி தொடங்குகிறது?" என்று வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள். ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரியாத குழந்தைக்கு எழுத்தின் வடிவத்தைக் காட்டுவதால் பெரிய பயன் இல்லை.

இரண்டாம் படி: பொருள்களும் பாதுகாப்பும்

பலகைக்குத் தினசரி காலண்டரின் பின்னட்டையைவிடச் சிறந்த பொருள் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆண்டு முடிந்ததும் தூக்கிப் போடும் அந்த அட்டை தடிமனானது, வளையாதது, தரையில் விரித்தால் நகராமல் நிற்கும். அத்துடன் வெள்ளைச் சார்ட் தாள், தடித்த முனையுள்ள ஸ்கெட்ச் பேனா, பசை, அகலமான செலோ டேப் இருந்தால் போதும்.

காய்களில்தான் மிகுந்த கவனம் வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிப்பதற்கு 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள்; அதற்குள் முழுவதுமாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கருதப்படுகிறது. நம் 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர்தான் என்பதை நினைவில் கொண்டால், சோழி, புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், சிறு பாட்டில் மூடி ஆகிய எல்லாமே அந்த உருளைக்குள் அடங்கிவிடும் என்பது புரியும். எனவே வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த தம்பியோ தங்கையோ இருந்தால், ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி போன்ற அகலமான மூடிகளைக் காய்களாக வைத்துக்கொள்ளுங்கள். மூடியின் மேல் குழந்தையின் முகத்தையோ பிடித்த விலங்கின் படத்தையோ ஒட்டினால், "என் காய்" என்ற ஒட்டுதலும் வந்துவிடும்.

ஒரு பொருளை மட்டும் எந்த வயதுக் குழந்தையிடமும் கொடுக்கக் கூடாது, அது குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருப்பதால் பழைய பல்லாங்குழிப் பெட்டிகளில் இன்றும் அதைக் காணலாம். அதன் பருப்பில் கடும் நஞ்சு இருக்கிறது. ஓடு உடைந்த நிலையிலோ மெல்லப்பட்டோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆமணக்கு விதையும் அப்படித்தான். பாட்டி வைத்திருந்த பெட்டியை எடுத்துக் குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன், தயவுசெய்து ஒரு முறை கொட்டிப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பத்துக் கட்டப் பலகையைச் செய்தல்

இரண்டு காலண்டர் அட்டைகளை நீளவாக்கில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் ஐந்து சென்டிமீட்டர் என்று பத்துக் கட்டங்களை ஒரே நேர்க்கோட்டில், இடமிருந்து வலமாக வரையுங்கள். கட்டங்கள் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது; 8 என்ற எண் 4-ஐப் போல் இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதைக் குழந்தை கண்ணாலும் கையாலும் உணர்வது அந்தச் சம அளவினால்தான். வளைந்து நெளிந்து செல்லும் பாதையும் வட்டப் பாதையும் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சீக்லரும் ரமணியும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணின் அளவை உணர்த்துவதில் வட்டப் பலகையைவிட நேர்வரிசைப் பலகையே மேலான பலன் தந்தது. தொடக்கத்துக்கு நேர்க்கோடுதான் சரி.

ஒவ்வொரு கட்டத்திலும் மேற்பாதியில் எண்ணைப் பெரிதாக எழுதி, கீழ்ப்பாதியில் அத்தனை புள்ளிகளை வையுங்கள். புள்ளிகளை ஐந்து ஐந்தாக அடுக்குவது நல்லது. ஏழு என்றால் மேல் வரிசையில் ஐந்தும் கீழ் வரிசையில் இரண்டும் இருக்கட்டும். ஒரு கை விரல்களும் மறுகையின் இரண்டு விரல்களும் என்று குழந்தை தன் கையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். கட்டங்களுக்கு வேறு வேறு வண்ணம் தீட்டலாம். படங்களை மட்டும் நிரப்பாதீர்கள். படம் இருந்தால் குழந்தை "நான் யானைகிட்ட இருக்கேன்" என்று சொல்லும். "ஏழுல இருக்கேன்" என்று சொல்லாது.

பகடைக்கு மாற்றாக, அட்டையில் வட்டம் வெட்டி நான்காகப் பிரித்து 1, 2, 1, 2 என்று எழுதி, நடுவில் ஒரு குண்டூசியைக் குத்தி அம்பு வடிவ முள் பொருத்தினால் சுழல்முள் தயார். குண்டூசியின் முனையைப் பின்பக்கம் மடக்கி டேப்பால் மூடிவிட வேண்டும். ஆறு முகப் பகடை இந்தக் கட்டத்துக்குப் பொருந்தாது. ஒரே வீச்சில் ஆறு கட்டம் தாண்டும் குழந்தைக்கு ஆட்டம் இரண்டு வீச்சில் முடிந்துவிடும். தாயக்கட்டையும் இப்போது வேண்டாம். புள்ளியே இல்லாத பக்கம் இரண்டு கட்டையிலும் விழுந்தால் பன்னிரண்டு என்பது தாயத்தின் அழகான விதிதான் என்றாலும், "ஒன்றுமே இல்லாதது பூஜ்யம்" என்று பழகப்போகும் குழந்தைக்கு அது குழப்பத்தையே தரும். ஐந்து வயதைத் தாண்டிய குழந்தை என்றால், புளியங்கொட்டைகள் இரண்டை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டலாம். எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை கட்டம். இரண்டும் கறுப்பாக விழுந்தால் பூஜ்யம், நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பூஜ்யத்தை இவ்வளவு எளிதாக விளக்கும் வேறு வழியை நான் பார்த்ததில்லை.

நான்காம் படி: ஆடும் முறை

இந்தப் பகுதிதான் முக்கியம். விதி ஒன்றே ஒன்று: காய் எந்தக் கட்டத்தை மிதிக்கிறதோ, அந்தக் கட்டத்தில் எழுதியுள்ள எண்ணைச் சொல்ல வேண்டும். காய் 3-இல் இருக்கிறது, முள் 2-இல் நின்றது என்றால், குழந்தை "நாலு, அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே நகர்த்த வேண்டும். "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லக் கூடாது. எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-இல் நூறு வரையிலான எண் பலகையைக் கொண்டு வெளியிட்ட ஆய்வில் இந்த வேறுபாட்டையே சோதித்தார்கள். கட்டத்தின் எண்ணைத் தொடர்ந்து சொல்லி நகர்ந்த குழந்தைகள், ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணி நகர்ந்த குழந்தைகளைவிட அதிகம் கற்றிருந்தார்கள். ஆடியது ஒரே பலகையில். வாய் சொன்னது மட்டும் வேறு.

முதல் நாள் நீங்கள் ஆடிக் காட்டுங்கள். முள்ளைச் சுற்றியதும், "ரெண்டு வந்திருக்கு. நான் மூணுல நிக்கிறேன். இப்போ நாலு... அஞ்சு. அஞ்சுல நிக்கிறேன்" என்று ஒவ்வொரு சொல்லையும் காயின் ஒவ்வோர் அடியோடு பொருத்திச் சொல்லுங்கள். காயைக் காற்றில் தூக்கிக் கொண்டுபோய் வைக்காமல், ஒவ்வொரு கட்டத்திலும் 'டக்' என்ற ஓசையோடு வைத்து எடுங்கள். அந்த ஓசை, ஓர் எண்ணுக்கு ஓர் அடி என்பதைக் குழந்தையின் காதில் பதிய வைக்கும். குழந்தையின் முறை வரும்போது, நகர்த்துவதற்கு முன் "எங்கே நிக்கிறே?", நகர்த்திய பின் "எங்கே வந்துட்டே?" என்ற இரண்டு கேள்விகளையும் தவறாமல் கேளுங்கள்.

என் அண்ணன் மகள் இந்த முறைக்குப் பழக ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. முதல் இரண்டு நாள்கள் "ஒண்ணு, ரெண்டு" என்றே தொடங்குவாள். நான் காயின் பக்கத்தில் விரலை வைத்து எண்ணைக் காட்டுவேன். நிறுத்தி, எண்ணைப் பார்த்து, மறுபடி சொல்வாள். மூன்றாம் நாள் 6-இலிருந்து நகர வேண்டியிருந்தபோது, "ஆறு... ஆறுக்கு அடுத்து..." என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த கட்டத்தைக் குனிந்து பார்த்து, அங்கிருந்த புள்ளிகளை எண்ணி, "ஏழு!" என்றாள். பலகையிடமே விடை கேட்கலாம் என்பதைத் தானாகவே கண்டுகொண்டாள். புள்ளிகளை வரைவதற்குச் செலவழித்த நேரத்துக்கான பலன் அந்தக் கணத்தில் கிடைத்தது.

பிழை வரும்போது "தப்பு" என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தை தவறான எண்ணைச் சொன்னால், காயைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், "சேர்ந்து சொல்லிப் பார்க்கலாமா?" என்று உடன் சொல்லுங்கள். 6-ஐயும் 9-ஐயும் மாற்றிச் சொல்வதும், எழுதும்போது 3-ஐத் திருப்பிப் போடுவதும் இந்த வயதில் இயல்பு. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரே கட்டத்தை இரண்டு முறை எண்ணுவதுதான் திருத்த வேண்டிய பிழை. நிற்கும் கட்டத்தையும் சேர்த்து எண்ணிவிடும் குழந்தைகள் பலர். "நிக்கிற வீட்டை எண்ணக் கூடாது, போற வீட்டைத்தான் எண்ணணும்" என்று சொன்னால் போதும். வீடு என்ற சொல் அவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிடுகிறது.

ஒரு தடவைக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். குழந்தை இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிட்டால் மறுநாள் தானாகவே பலகையைத் தேடி எடுத்து வரும்.

ஐந்தாம் படி: இருபதும் நூறும்

பத்துவரை தடுமாற்றமில்லாமல் போனபின், 11 முதல் 20 வரையிலான இரண்டாவது வரிசையை முதல் வரிசைக்கு மேலே, 1-க்கு நேராக 11 வரும்படி ஒட்டுங்கள். தமிழில் எண்ணும் குழந்தைக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து என்ற பெயர்களிலேயே பத்தும் அடுத்த எண்ணும் சேர்ந்து ஒலிக்கின்றன. "பத்து, அதோட நாலு, பதினாலு" என்று மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் காட்டிச் சொன்னால், இடமதிப்பின் முதல் விதை அங்கேயே விழுந்துவிடும். ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்ற பெயர்களில் இந்தத் துப்பு வெளிப்படையாகத் தெரிவதில்லை. குழந்தை ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போகிறது என்றாலும், முதலில் தமிழ்ப் பெயர்களோடு இந்தப் பலகையை ஆடுவது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

நூறு கட்டப் பலகைக்கு வரும்போது, கடையில் விற்கும் பாம்பும் ஏணியும் பலகையில் ஒரு சிக்கல் உண்டு. அதில் ஒரு வரிசை இடமிருந்து வலமாகவும் அடுத்த வரிசை வலமிருந்து இடமாகவும் எருது உழுவதைப் போலத் திரும்பித் திரும்பிப் போகும். விளையாடுவதற்கு அது வசதி. எண்ணைக் கற்பதற்கு இடைஞ்சல், ஏனென்றால் 10-க்கு நேர் மேலே 11 வந்துவிடுகிறது, 1-க்கு மேலே 20 வந்துவிடுகிறது. வீட்டில் செய்யும் பலகையில் எல்லா வரிசைகளையும் இடமிருந்து வலமாகவே எழுதி, கீழிருந்து மேலாக அடுக்குங்கள். 7, 17, 27 என்று ஒரே தூணில் ஏறுவதைக் குழந்தை பார்க்கட்டும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபதம் ஆடும் வீடுகளில், பெரியவர்கள் ஆடும் பெரிய படத்தில் குழந்தையும் ஒரு காயை நகர்த்தட்டும். அன்றைக்கு அதைப் பாடமாக்க வேண்டாம்.

ஆறாம் படி: பல்லாங்குழி

பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் உள்ள பல்லாங்குழியின் முழு விதிகள் ஐந்து வயதுக் குழந்தைக்குக் கடினம். ஆனால் குழிக்கு ஒன்றாகக் காய்களைப் போட்டுக்கொண்டே போகும் அந்த ஒரு செயல், ஒன்றுக்கு ஒன்று பொருத்தும் பயிற்சியாக இருக்கிறது. ஏழு காய்களைக் கையில் கொடுத்து, தன் பக்கத்துக் குழிகளில் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். கடைசிக் குழியில் கை காலியானால் குழந்தைக்கு வரும் மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். பிறகு ஆறு காய் கொடுத்து, "எல்லாக் குழிக்கும் வருமா?" என்று கேட்டு, ஊகித்துச் சொன்ன பின் போடச் சொல்லுங்கள்.

நான்கு காய் சேர்ந்த குழிக்குப் 'பசு' என்று பெயர். அந்தக் குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார். இந்த ஒரு விதியை மட்டும் வைத்து ஆடினால், எண்ணாமலே ஒரே பார்வையில் நான்கை அடையாளம் காணும் பழக்கம் வந்துவிடும். மூன்று காய் கிடக்கும் குழியில் ஒன்று விழுந்ததும் "பசு!" என்று கத்துகிற குழந்தை, மூன்றோடு ஒன்றைக் கூட்டிவிட்டது.

ஏழாம் படி: எழுத்துப் பலகைகள்

தமிழ் எழுத்துகள் 247 என்ற எண்ணைக் கண்டு மிரண்டுபோகும் பெற்றோர் உண்டு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மற்ற 216-உம் உயிரும் மெய்யும் சேர்ந்து பிறப்பவை. பாலர் பருவத்தில் இத்தனையும் தேவையில்லை. அகர வரிசைப்படி அ முதல் ஔ வரை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்ற பிடிவாதமும் வேண்டாம். அ, ப, ம, ட என்ற நான்கு எழுத்துகளையும், புள்ளியையும், துணைக்காலையும் மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள்: அம்மா, அப்பா, மாமா, பாப்பா, படம், பட்டம் என்று குழந்தைக்கு நெருக்கமான சொற்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. ட, ப, ம மூன்றும் பெரும்பாலும் நேர்க்கோடுகளால் ஆனவை என்பதால் எழுதவும் எளிது.

எழுத்தைச் சொல்லும்போது அதன் ஒலியை மட்டும் சொல்லுங்கள். ப என்றால் 'ப' என்ற ஒலிதான். 'பானா' என்று பெயர் சொல்லிப் பழக்கினால் சொற்களைக் கூட்டிப் படிக்கும்போது தடுமாறும். படங்களைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கவனம் தேவை. 'ப' என்ற எழுத்துக்குப் பஸ் படத்தை ஒட்டுகிறார்கள். அந்தச் சொல் தொடங்கும் ஒலி வேறு. பல், பழம், பந்து என்று கொடுங்கள். ண, ன, ள, ழ, ற ஆகியவை தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வருவதில்லை. அவற்றுக்கு முதலெழுத்துப் படம் தேடி அலையாமல், பழம் என்று எழுதி நடுவில் உள்ள ழ-வை மட்டும் வண்ணத்தில் காட்டலாம். எ, ஏ போன்றோ ப, ய போன்றோ வடிவில் நெருங்கியவற்றை ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தாதீர்கள். முதலில் வந்தது நன்றாகப் பதிந்த பின் அடுத்தது வரட்டும்.

நான் வகுத்துக்கொண்ட ஒரு விளையாட்டை இங்கே சொல்கிறேன். 'சொல் நடை' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். பகடையோ சுழல்முள்ளோ வேண்டாம். பத்து அல்லது இருபது கட்டப் பலகையை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் படச் சீட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள். குழந்தை ஒரு சீட்டை எடுத்து, படத்தின் பெயரை ஒலி ஒலியாகக் கைதட்டிச் சொல்ல வேண்டும்; எத்தனை தட்டோ அத்தனை கட்டம். பூ, ஈ, கை என்றால் ஒன்று. ஆடு, எலி, நரி, குடை, வடை என்றால் இரண்டு. தவளை, குதிரை, தாமரை, பறவை என்றால் மூன்று. தலையணை வந்தால் நான்கு; அந்தச் சீட்டுக்காக எங்கள் வீட்டில் பெரும் போட்டியே நடக்கும். இந்தப் பட்டியலில் புள்ளி எழுத்து உள்ள சொற்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மரம் என்ற சொல்லைக் கைதட்டினால் இரண்டு தட்டு, எழுதினால் மூன்று எழுத்து. அந்த வேறுபாட்டைக் குழந்தை பின்னால் அறிந்துகொள்ளலாம். தட்டுக்கு ஓர் எழுத்தாக இருக்கும் சொற்களில் பழகினால், சொல்லை ஒலிகளாகப் பிரிக்கவும், ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று உணரவும், அத்தனை அடி எண்ணி நடக்கவும் ஒரே ஆட்டத்தில் கற்றுக்கொள்கிறது.

இரண்டுக்கு மேற்பட்ட குழந்தைகள் கூடும் விடுமுறை நாளில் எழுத்துத் தம்போலா ஆடலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஆறு கட்டம் உள்ள சீட்டு, ஒவ்வொன்றிலும் வேறு அடுக்கில் ஆறு எழுத்துகள். நீங்கள் எழுத்தைக் காட்டாமல் ஒலியை மட்டும் சொல்லுங்கள். கேட்டு, தேடி, மூடியால் மறைக்க வேண்டும். எழுத்தைக் காட்டிவிட்டால் அது வெறும் வடிவப் பொருத்தமாகிவிடும். ஆங்கில எழுத்துகளும் வேண்டும் என்றால் தனிப் பலகை, தனிச் சீட்டு. இரண்டு வரிவடிவங்களை ஒரே பலகையில் கலப்பது நல்லதன்று.

வெற்றியும் தோல்வியும்

நான்கு வயதுக் குழந்தைக்குத் தோற்பது தாங்கமுடியாத துயரம். அழுகையோடு முடியும் ஆட்டம் மறுநாள் தொடங்குவதே இல்லை. எனவே முதல் மாதத்தில் எல்லோரும் ஒரே பக்கமாக நின்று ஆடும் விளையாட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். பலகையின் கடைசியில் ஒரு கூண்டு வரைந்து, மூன்று மூடிகளைக் கோழிக்குஞ்சுகளாக வைத்து, மழை வருவதற்குள் கூண்டுக்குள் சேர்க்க வேண்டும் என்று கதை சொல்லுங்கள். சுழல்முள்ளில் ஒரு பகுதியில் மேகம் வரையுங்கள். மேகம் விழும்போதெல்லாம் ஒரு மழைத்துளிச் சீட்டை வைக்க வேண்டும். எட்டுத் துளி சேர்ந்தால் மழை. துளிகளையும் எண்ண வேண்டியிருப்பதால் எண்ணுதல் இரட்டிப்பாகிறது. பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பதைக் குழந்தைகள் விரைவில் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பதால் அந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

கடையில் வாங்குவதானால்

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, பெட்டியில் எழுதியுள்ள வயது வரம்பை மதியுங்கள். அது குழந்தையின் அறிவை அளப்பதற்கு மட்டும் எழுதியதன்று, விழுங்கும் அபாயத்தையும் கருதி எழுதியது. பொத்தான் பேட்டரியும் சிறு காந்தமும் உள்ள பேசும் பலகைகளைத் தவிர்ப்பது பாதுகாப்புக்கும் நல்லது, கற்றலுக்கும் நல்லது. பலகை பேசினால் குழந்தை பேசாது. தமிழ் எழுத்துப் பலகைகளில் எழுத்துருவைக் கவனியுங்கள். அலங்கார எழுத்தில் ர-வுக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாத பலகைகளை நானே வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

எப்போது அடுத்த பலகைக்குப் போவது

இதற்கு நாள் கணக்கு இல்லை. முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பத்துக் கட்டப் பலகையை மட்டும் ஆடுங்கள். மூன்றாம் வாரம் 'சொல் நடை'யைச் சேர்த்துக்கொள்ளலாம். அதன்பின் குழந்தையின் கையைக் கவனியுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் தொடாமலே, "ஏழுல இருக்கேன், ரெண்டு விழுந்தா ஒம்பது" என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கினால் பலகையை நீட்டும் நேரம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் அந்த அடையாளம் வேறு விதமாக வந்தது. ஒரு நாள் மாலை நான் அடுக்களையில் இருந்தபோது, அவள் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, பலகை முடிந்த இடத்திலிருந்து சிமென்ட் தரையிலேயே கோணல்மாணலாக ஒரு கட்டம் போட்டு, அதற்குள் பதினொரு புள்ளிகளை நெருக்கி வைத்திருந்தாள். மேலே எண் எழுத இடமில்லை. "அத்தை, இதுக்கு மேல எப்படி எழுதணும்?" என்று கேட்டாள். அன்று இரவே இரண்டாவது வரிசையை ஒட்டினோம். தரையில் இருந்த அந்தக் கட்டம் அழிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.